தாழ்சக்திக் கருத்தாக்கமும் அதன் வாக்குறுதியும்

1989 மார்ச் 23ஆம் நாள் ஐக்கிய அமெரிக்காவின் யூட்டாப் பல்கலைக்கழகத்திலே மாட்டின் பிளைஷ்மன், ஸ்ரான்லி பொன்ஸ் என்னும் இரு இரசாயனவியலாளர் பத்திரிகையாளரைக் கூட்டி ஓர் அறிவித்தல் விடுத்தனர். பலேடியக் கதோட்டினைக் கொண்டு பாரநீரை மின்பகுத்தபோது இரசாயனத் தாக்கத்தால் விளக்கவியலாத வெப்பம் பிறந்தது என்பதும், அது அறை வெப்பநிலையில் நிகழ்ந்த கருவிணைவின் விளைவு என்பதும் அவர்தம் கூற்று. அன்று 'குளிர் இணைவு' எனப்பட்டதை ஆதரவாளர் இன்று 'தாழ்சக்திக் கருத்தாக்கம்' என வழங்குவர். தமிழிலே இச்சொல்லைக் 'கரு தாக்கம்' எனவும் பிரிக்கலாம். 'கருத்து ஆக்கம்' எனவும் பிரிக்கலாம். வழக்கு முழுவதும் இப்பிரிப்பிலேயே தங்கியுள்ளது.

நிகழ்வு நிறுவப்படுமுன்னரே அதன் பயன் பேசப்பட்டமையே இங்கு முதற்குறை. மலிவான, வற்றாத சக்தி என்ற வாக்குறுதியை நம்பி யூட்டா மாநிலச் சட்டசபை அவ்வாண்டிலேயே 50 இலட்சம் டொலரை ஒதுக்கிற்று. அதனால் எழுந்த ஆய்வு நிறுவனம் 1991இல் மூடப்பட்டது.

'மிகைவெப்பம்' என்பது நேரே காணப்படும் பொருளன்று. வெளிவந்த வெப்பத்திலிருந்து உட்செலுத்திய மின்சக்தியைக் கழித்துப் பெறும் எச்சமே அது. கலோரிமானியின் அளவுத்திருத்தம் சிறிது பிசகினும் அவ்வெச்சம் தோன்றும், மறையும். ஆதலின் வேறு சான்றும் வேண்டும். தூத்தேரியக் கருக்கள் அறியப்பட்ட வழியில் இணைந்து ஒரு வாற்று வலுவைத் தருமாயின், விநாடிக்கு ஏறத்தாழ ஓரிலட்சம் கோடி நியூத்திரன்கள் வெளிப்படல் வேண்டும். அருகில் நின்றோர் உயிர்தப்புதல் அரிது. அவர்களோ நலமாகவே இருந்தனர்! இது புதுவகைத் தாக்கம், நியூத்திரனை எதிர்பார்த்தல் தவறு என்பர் ஆதரவாளர். சான்று இன்மையையே புதுமைக்குச் சான்றாக்கும் இவ்வாதம் ஏற்புடைத்தன்று.

எனினும் மறுத்தோர் யாவரும் பொறுமை காட்டினர் எனல் இயலாது. பலேடியத்தினுள் தூத்தேரியம் மிகச் செறிந்தாலன்றி வெப்பம் தோன்றாது என ஆதரவாளர் பின்னர் கூறினர். 1989இன் அவசரப் பரிசோதனைகள் பலவற்றில் அச்செறிவு எட்டப்பட்டதா என்பது ஐயமே. கூகிள் நிறுவனத்தின் நிதியுடன் 2015 முதல் ஆராய்ந்த குழுவினர், குளிர் இணைவுக்குச் சான்று காணவில்லை என 2019இல் 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதினர். அத்துணைச் செறிவை எய்துவதே அரிதென்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

பத்துக் கலங்களில் ஒன்று சூடேறின் ஆய்வாளன் மகிழலாம். மின்னிலையம் அமைப்பவனுக்கோ எக்கலம் சூடேறும் என்பது முன்னரே தெரிதல் வேண்டும். 2023இல் ஐக்கிய அமெரிக்க அரசு எட்டு ஆய்வுக் குழுக்களுக்கு ஒரு கோடி டொலர் அறிவித்தபோதும், எவரும் மின்னிலையம் கட்டப் பணிக்கப்படவில்லை. இத்தாக்கம் உண்டா, இல்லையா என்பதைத் தேடவே பணிக்கப்பட்டனர்.