ஏனாதிநாதர் வாளும் வாலியின் வலியும்

பெரம்பலூர் மாவட்டத்தைச் சார்ந்த வாலிகண்டபுரம், வாலி சிவபெருமானை வழிபட்டமையாற் பெயர்பெற்றதெனக் கூறப்பெறுந் தலமாகும். ஆண்டெழுந்தருளிய இறைவர் வாலீசுவரர், அம்மை வாலாம்பிகை. அருணகிரிநாதர் திருப்புகழில் இவ்வூர் வாலிகொண்டபுரமென வழங்கும். சந்தாசாகிபும் பிரெஞ்சுக்காரரும் ஒருபாலும், முகம்மதலியும் ஆங்கிலேயரும் மற்றொருபாலுமாக நின்று 1751ஆம் ஆண்டிற் பொருத போரும் இவ்வூரின் அணிமையிலேயே நிகழ்ந்தது. போர்வலி மிக்கானொருவன் பெயரைத் தாங்கித் திருக்கோயிலும் போர்க்களமும் ஒருங்கமையப்பெற்ற இத்தலத்தை நினைப்பார்க்குப் படைக்கலப் பயிற்சிக்கும் வீட்டு நெறிக்கும் உள்ள இயைபு யாதென்னும் வினா எழுதல் இயல்பேயாம்.

இவ்வினாவிற்கு விடை கூறுவார் இருதிறத்தர். படைத்தொழில் கொலைத்தொழிலேயாதலின் அதற்கும் அன்பு நெறிக்கும் இயைபில்லையென்பார் ஒருசாரார். மலைநாட்டுக் களரிகளிற் கன்னிமூலைக்கண் ஏழு படிகளையுடைய பூத்தறை அமைத்து, அதனை வணங்கியே மாணாக்கர் பயிலத் தொடங்குதலைக் காட்டிப் படைப்பயிற்சியே தவமாமென்பார் மற்றொருசாரார். முன்னையோர் தொழிலை நோக்கினார். பின்னையோர் சடங்கை நோக்கினார். தொழில்செய்வான் உள்ளத்தை நோக்கினார் இருதிறத்தாருள்ளும் இலர். அதனை நோக்கியுரைத்தவர் சேக்கிழார் பெருமானே. அவ்வுரையைத் திருத்தொண்டர் புராணத்து ஏனாதிநாத நாயனார் புராணத்திற் காண்க.

ஏனாதி என்பது படைத்தலைவர்க்கு அரசர் வழங்கும் பட்டம். எயினனூரில் தோன்றிய ஏனாதிநாதர் அரசர்க்கு வாட்படை பயிற்றும் ஆசிரியர். அதனால் வந்த பொருளை அடியார்க்கு ஆக்கியவர். அத்தொழிலே செய்த அதிசூரன் தன் ஊதியங் குறைந்தமையாற் பொறாமையுற்றுப் படையொடு வந்து பொருது தோற்றோடினான். பின்னர்த் துணைவரின்றி வேறோரிடத்தில் இருவரும் தனித்துப் பொருவோமெனச் சொல்லிவிடுத்தான். முன்னொருகாலும் நீறணியாத அவன் நெற்றி நிறைய நீறணிந்து, அதனைப் பலகையால் மறைத்துச் சென்று, நாயனார் வெட்டப்புகும் அமயத்தே பலகையை விலக்கிக் காட்டினான். நீறு கண்ட நாயனார் இவர் சிவனுக்கு அடியவராயினார், இவர் உட்குறிப்பு முடிவதாகவெனத் துணிந்தார்.

இத்துணிவினும் அரியதொன்று இதனையடுத்து நிகழ்ந்தது. வாளையும் பலகையையும் எறிந்துவிட நினைந்த நாயனார், படையிழந்தாரைக் கொன்றாரென்னும் பழி அவர்க்கு எய்துமேயென்று அஞ்சி, அவற்றை விடாது பற்றிப் பொருவார்போல நின்றார். பகைவன் தன் கருத்தை முடித்தான். படைக்கலம் தம்முயிரைக் காத்தற்கன்றித் தம்மைக் கொல்வான் பழியைக் காத்தற்கு ஏந்தப்பட்டது ஈண்டேயாம். வாளைப் பற்றிய கையில் வன்மை குன்றிற்றில்லை. வெல்லவேண்டுமென்னும் முனைப்பு ஒன்றே கழிந்தது.

வஞ்சகன் இட்ட நீற்றை மெய்யென மதித்தல் பேதைமையன்றோ, பொய்வேடத்தார்க்கு இது துணையாகாதோவெனின், ஆகாதென்க. அதிசூரனைச் சேக்கிழார் யாண்டும் இகழ்ந்தே பேசுகின்றார். அவன் செயலை யாண்டும் உயர்த்திற்றிலர். நாயனார் மதித்தது அவனது நெஞ்சையன்று, திருநீற்றையேயாம். சேக்கிழார்க்குப் பின்னர்த் தோன்றிய மெய்கண்டதேவர் சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரத்தில் அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் அரனெனத் தொழுமாறு விதித்தமையும் இக்கருத்தே பற்றியென்க. வேடம் இட்டவனுக்கு அதனாலேயே பயன் விளையுமென்பது அவ்விதியின் கருத்தன்று. அதனைக் கண்டு தொழுவானிடத்து விளையும் பயனே ஆண்டுக் கருதப்பட்டது.

இனி வாலியொடு ஒப்புநோக்குக. எதிர்நிற்பார் வலியிற் பாதி தன்னை வந்தடையும் வரம் பெற்றவன் வாலி. சிவவழிபாட்டில் அவன் தலைநின்றமைக்கு வடகுரங்காடுதுறையும் வாலிகண்டபுரமும் சான்றாம். எனினும் மறைந்து நின்றார் எய்த கணை மார்பிற் பட்டவழி எய்தவரது அறத்தைப் பழித்துரைத்தலே அவனிடத்து முதற்கண் நிகழ்ந்தது. பின்னர் அவன் தெளிந்து, அங்கதனை அவர்க்கே அடைக்கலமாக ஒப்புவித்தமையைக் கம்பநாடர் விரித்துரைப்பர். வாலி மறைவினின்று வந்த கணையாற் பட்டான். நாயனார் மறைத்த நீற்றாற் பட்டார். அவன் எய்தவரது பழியை எடுத்துரைத்தான். இவர் வெட்டுவான் பழியைத் தாம் மறைத்தார். பகைவன் வலியிற் பாதியைக் கொள்ளுதல் வரத்தான் வருவது. தம் வலி முழுவதையும் பகைவற்கு விட்டுக்கொடுத்தல் திருவருளான் அன்றி வாராது.

இலைமலிந்த சருக்கத்தில் எறிபத்தர், ஏனாதிநாதர், கண்ணப்பர் என்னும் மூவர் புராணமும் சுந்தரமூர்த்திகள் வைத்த முறையே அடுத்தடுத்து நிற்றல் கருதற்பாலது. எறிபத்தர் மழுவேந்தினார், புகழ்ச்சோழர் நீட்டிய வாளைப் பெற்றபின்னர் அதனைத் தம் கழுத்திற் பூட்டினார். ஏனாதிநாதர் வாளேந்தினார், அதனை வீசாது நின்றார். கண்ணப்பர் வில்லேந்தினார், அவர் அம்பு ஈற்றில் தம் கண்ணையே இடந்தது. மூவரும் படையிற் குறைந்தாரல்லர். மூவர் படையும் இறுதியிற் பிறரை விட்டுத் தம்மையே நோக்கித் திரும்பின. படைத்தொழில் வீட்டு நெறியொடு இயையும் இடம் இத்திருப்பமேயாம்.

பகைவர் கைவாளைக்கொண்டே இறைவன் நாயனாரது பாசத்தை அறுத்தருளினானெனச் சேக்கிழார் முடித்துக்காட்டினார். வாட்பயிற்சி பாசத்தை அறாது. பூத்தறை வணக்கமும் தானே அறாது. பயின்ற கை முழுவலியொடு நிற்கவும், யான் வெல்வேனென்னும் ஆணவம் அடங்குங்கால், அவ்வாளே அருளுக்குக் கருவியாம். சிலம்பமும் வாளும் பயில்வார் இக்காலத்தும் உளர். அவர்க்கு ஆசிரியராய் நிற்பார் ஒவ்வொருவரும் இப்புராணத்தை மாணாக்கர்க்கு முதற்பாடமாக ஓதுவிப்பாராக.

திருச்சிற்றம்பலம்.