மதிலுக்கு உயிர் வந்த நாற்பது விநாடி

நெடுந்தீவில் பிறந்த பிள்ளைக்கு முருகைக்கல் மதிலைப் பற்றிப் புதிதாக என்ன சொல்லிக் கொடுப்பது? சாந்து பூசாமல் கல்லின்மேல் கல் அடுக்கிய அந்த மதில்களைப் பிடித்துத்தான் அது நடை பழகுகிறது. தரம் 7க்குப் பாடம் எடுக்கப் போன அன்று முதல் ஸ்லைடில் அந்த மதிலின் படத்தையே வைத்திருந்தேன். பிள்ளைகள் ஒருதரம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தினம் பார்க்கிற மதில்தானே!

ஒரு கிளிக். மதில் இருந்த இடத்திலேயே இருட்டுக் கடலுக்குள் ஓர் உயிர் முருகைக்கல். அதன் துளை ஒவ்வொன்றிலிருந்தும் பொலிப் என்கிற சின்ன உயிர்கள் மெல்ல மெல்லக் கை விரித்தன, மல்லிகை மொட்டு அவிழ்கிற மாதிரி. இரவில்தான் அநேகமானவை அப்படி விரிந்து இரை பிடிக்கும். மொத்தம் நாற்பது விநாடி. ஒரு கதிரை அசையவில்லை. காட்சி முடிய, திரையில் மறுபடியும் அதே மதில். பின்வாங்கிலிருந்து ஒரு குரல்: "சேர், அப்ப எங்கட மதில் எல்லாம் முந்தி உயிரோட இருந்ததோ?"

ஓம், இருந்தது. கல்சியம் காபனேற்று என்று எத்தனை வருசம் கரும்பலகையில் எழுதியிருப்பேன்! ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை. அன்று இடைவேளையில் பாதி வகுப்பு மதிலடியில் நின்று கல்லின் துளைகளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது.

பவர்பொயின்ட் ஸ்லைடுக்குள் வீடியோ வைப்பதைப் பற்றி யாரைக் கண்டாலும் நான் விடாமல் கதைப்பது இதனால்தான். மேலே சொன்ன வித்தைக்கு ஐந்து நிமிடம் போதும். மதில் படத்தை வைத்து, 'இன்சேர்ட்' போய், வீடியோவை எடுத்துப் படத்தின்மேல் அதே அளவில் பொருத்த வேண்டும். பிறகு 'பிளேபாக்' பட்டியில் 'ஹைட் வைல் நொட் பிளேயிங்' என்பதைத் தெரிவுசெய்து, 'ஸ்டார்ட்' என்ற இடத்தில் 'இன் கிளிக் சீக்குவன்ஸ்' என்று விட்டால் சரி. கிளிக் செய்யும்வரை வீடியோ கண்ணில் படாது. ஓடி முடிந்ததும் மறைந்துவிடும். கல், உயிர், மறுபடியும் கல். நான் வாய் திறந்து விளக்க வேண்டிய பாதிப் பாடத்தை அந்த மூன்று காட்சியே முடித்துவிடுகிறது.

முந்தி இது இவ்வளவு லேசாக இருக்கவில்லை. 1987இல் மக்கின்ரொஷ் கணினிக்கு வந்த முதல் பவர்பொயின்ட், ஓவர்ஹெட் புரொஜெக்டரில் வைக்கிற கறுப்பு வெள்ளைத் தாள்களை ஆயத்தம் செய்வதற்கானது. வீடியோ பிறகு வந்தது. ஆனால் 2007 பதிப்பு வரைக்கும் வீடியோ ஸ்லைடுக்குள்ளே போய் இருக்காது. அது கணினியில் எங்கே கிடக்கிறது என்ற முகவரி மட்டும்தான் போகும். அந்தக் காலத்தில் ஒருநாள் நயினாதீவில் ஆசிரியர்களுக்குப் பாடம் காட்டப் போனேன். பென் டிரைவைச் சேட்டுப் பைக்குள் வைத்துக் குறிகட்டுவானில் படகேறி இறங்கி, மல்டிமீடியாவைப் போட்டால் திரையில் ஒரு கறுப்புப் பெட்டி. வீடியோ வீட்டுக் கணினியில் கிடக்கிறது, இடையில் கடல். அன்று முழுக்க வாயாலேயே சமாளித்தேன். அந்த ஏமாற்றம் இன்னும் மனதில் இருக்கிறது.

2010 பதிப்பு வந்தபோது எனக்குத் தீபாவளிதான். வீடியோ ஃபைலுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது! ஒரே ஃபைல், எந்தத் தீவுக்கும் கொண்டுபோகலாம். வெட்டுவதற்கு வேறு மென்பொருளும் வேண்டாம். 'ட்ரிம் வீடியோ'வில் பச்சைக் கோட்டையும் சிவப்புக் கோட்டையும் இழுத்தால் பத்து நிமிட வீடியோவில் தேவையான நாற்பது விநாடி மட்டும் நிற்கும். ஃபைல் பெருத்துப் போனால் 'கொம்பிரஸ் மீடியா' இருக்கிறது. இணையத்திலிருந்து நேரே ஓட்டுகிற வசதியும் உண்டுதான், ஆனால் சிக்னலை நம்பிப் பாடம் எடுக்க நான் தயாரில்லை. ஒரு விசயம் மட்டும் கவனம்: புதுப் போன்கள் சில எச்.ஈ.வி.சி. முறையில் பதிவு செய்யும். பழைய லப்டொப்பில் அது ஓடாமல் போகலாம். கமரா செற்றிங்கில் எச்.264க்கு மாற்றி, எம்.பி.4 ஆக எடுத்தால் கரைச்சல் இல்லை.

இதையெல்லாம் விட எனக்குப் பிடித்த பொத்தான் ஒன்று உண்டு: 'லூப் அன்ரில் ஸ்டொப்ட்'. நிறுத்தும்வரை வீடியோ திரும்பத் திரும்ப ஓடும். அதன் அருமை வகுப்பில் ஓலையால் கூம்பு வடிவ நீத்துப்பெட்டி இழைத்த அன்றுதான் விளங்கியது.

ஒரு பிள்ளையின் அம்மம்மா ஓலை வேலையில் கெட்டிக்காரி. அவ கை ஓடுகிற வேகத்தில் நாம் கண்ணை ஓட்ட முடியாது. கூம்பின் நுனியில் நான்கு ஓலை ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற இடத்தில்தான் எல்லாப் பிள்ளைகளும் தடுமாறுவார்கள். வீட்டு விறாந்தையில் அவவை இருத்தி, தோளுக்கு மேலால் போனைப் பிடித்து எடுத்தேன். தோளுக்கு மேலால் எடுப்பதுதான் முக்கியம். அப்போதுதான் பார்க்கிறவருக்கு அது தன் கை மாதிரித் தெரியும். அதில் அந்த நுனி மடிக்கும் ஏழு விநாடியை மட்டும் வெட்டி, திரை நிறைய வைத்து, லூப்பில் விட்டேன்.

பிள்ளைகள் வார்ந்த ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்ப்பதும் குனிந்து மடிப்பதுமாக இருந்தார்கள். பிழைத்தால் வெட்கமில்லை, அடுத்த ஏழு விநாடியில் அம்மம்மா திரும்பவும் செய்து காட்டுகிறா. எத்தனை தரம் கேட்டாலும் அலுக்காத ஆசிரியை! நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. முதல் நுனி சரியாக இறுகிய பிள்ளை அதைத் தூக்கிக் காட்டியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த கிழமை அம்மம்மாவையே வகுப்புக்குக் கூட்டி வந்தோம். தன் கை சுவர் அளவுக்கு ஓடுவதை அவ முன்வாங்கிலிருந்து கன நேரம் பார்த்தா. பிறகு எழும்பித் திரைக்குக் கிட்டப் போய், மூன்றாவது ஓலையில் விரலை வைத்தா.

"தம்பி, இதில கொஞ்சம் இளகிப் போச்சு. பிள்ளையளும் இளக்கமாத்தான் இழைப்பினம். போனை எடுங்கோ, திரும்பச் செய்து காட்டுறன்."

அங்கேயே, வகுப்பு முழுக்கச் சுற்றி நிற்க, இன்னொரு தரம் எடுத்தோம். இப்போது ஃபைலில் இருப்பது அந்த வீடியோதான். ஒன்பது விநாடி ஓடும். மூன்றாவது ஓலை இறுகுகிற இடத்தில் அவவின் மூச்சுச் சத்தமும் கேட்கும்.