எனிக்மா: இரவல் குரல்களின் கணக்கு

1990-இன் கடைசி மாதங்களில் ‘சேட்னஸ்’ பாடல் ஐரோப்பிய வானொலிகளைப் பிடித்து ஆட்டியபோது, அதற்கு இசையமைத்தவர் யாரென்று கேட்டவர்களுக்குத் தெரியாது. எனிக்மா என்ற பெயரில் வந்த முதல் தொகுப்பில் அவர் முகம் இல்லை. உறையில் இருந்தவையும் புனைபெயர்கள்தான். ‘கர்லி எம்.சி.’ என்று ஒளிந்துகொண்டவர் மைக்கேல் கிரெட்டு. 1957-இல் புக்காரெஸ்டில் பிறந்தவர். செவ்வியல் இசை பயின்று, 1975-இல் மேற்கு ஜெர்மனிக்குப் போனவர். போனி எம் என்ற டிஸ்கோ குழுவை உருவாக்கிய ஃபிராங்க் ஃபாரியனிடம் கீபோர்டு வாசித்துத் தொழில் கற்றார். பிறகு மனைவியான சான்ட்ராவுக்கு அவர் தயாரித்துத் தந்த ‘மரியா மக்தலேனா’ 1985-இல் ஜெர்மனியில் முதலிடம் பிடித்தது.

இந்த டிஸ்கோ பின்னணியைச் சொல்லக் காரணம் உண்டு. எனிக்மாவைத் தியான இசை என்று கடைக்காரர்கள் தனி அடுக்கில் வைத்தார்கள். அடியில் ஓடுவதோ நடன அரங்கின் தாளம். ‘சேட்னஸ்’ நிமிடத்துக்குச் சுமார் 95 தட்டு. ஆடவும் முடியும், கண்ணை மூடிக் கிடக்கவும் முடியும். அதன்மேல் துறவிகளின் கிரிகோரியன் ஓதல், சான்ட்ராவின் பிரெஞ்சுக் கிசுகிசுப்பு, ஜப்பானிய மூங்கில் குழலின் மூச்சு. அந்தக் குழலை வாசிக்க ஆள் வரவில்லை. எமுலேட்டர் கருவியோடு விற்கப்பட்ட ஆயத்த ஒலி அது. கேட்கும்போது இந்த ஒட்டு தெரியவில்லை என்பதுதான் வியப்பு. ஓதலுக்குத் தாளக்கட்டு கிடையாது. அதன் நீண்ட மூச்சை வெட்டிக் குறுக்காமல், தாளத்தை அதன் அடியில் நடக்கவிட்டு, வாக்கியம் முடியும் இடத்தில் மட்டும் இரண்டையும் சந்திக்க வைக்கிறார். பாடல்களுக்கு இடையே இடைவெளி விடாமல் நாற்பது நிமிடத்தை ஒரே ஓட்டமாக்கியதும் அவர் திறமையே. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் அத்தொகுப்பு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நின்றதை விளம்பரத்தின் கைவரிசை என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் அந்த ஓதலைப் பாடியவர்கள் யார்? கோன்ராட் ரூலண்ட் நடத்திய மியூனிக் நகரின் கபெல்லா அன்டிக்வா குழு. 1970-களில் வெளிவந்த அவர்களின் இசைத்தட்டிலிருந்து எடுத்த குரல்கள் அவை. வழக்கு வந்தது, இழப்பீட்டில் முடிந்தது. பாட்டு நூற்றாண்டுகள் பழையது, அதற்கு உரிமையாளர் இல்லை என்பது சரிதான். பாடிய தொண்டைக்கு உரிமையாளர் உண்டே!

அடுத்த தொகுப்பில் இதே கேள்வி இன்னும் கூர்மையாக எழுந்தது. ‘ரிட்டர்ன் டு இன்னசன்ஸ்’ பாடலைத் தூக்கி நிறுத்தும் அந்த உச்சக் குரல், தைவானின் அமிஸ் பழங்குடியைச் சேர்ந்த முதியவர் டிஃபாங்குடையது. சீனப் பெயர் குவோ யிங்-நான். உடன் பாடுபவர் அவர் மனைவி இகாய். தைதுங் பகுதி உழவர்கள். விருந்தில் மது அருந்தும்போது பாடும் பாட்டு அது. 1988-இல் ஐரோப்பாவுக்குப் போய்ப் பாடினார்கள். பாரிஸின் ‘மெசோன் தே கில்ச்சூர் து மோந்த்’ வெளியிட்ட குறுந்தகட்டிலிருந்து கிரெட்டு அதை எடுத்தார். அந்த நிறுவனத்திடம் அனுமதியும் பெறப்பட்டது. பாடியவர்களைத்தான் யாரும் கேட்கவில்லை, உறையில் பெயரும் போடவில்லை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக் விளம்பரம்வரை அந்தக் குரல் போனது. 1998-இல் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தார்கள். மறு ஆண்டு சமரசம். அதன்பிறகே பெயர் ஏறியது.

கிரெட்டு திருடர் என்று முடித்துவிட எனக்கு மனமில்லை. அந்த முதியவரின் குரலை அவர் அலங்காரத்துக்குத் தூவவில்லை. அது உயரும் இடத்தில் தன் கருவிகளையெல்லாம் ஒதுங்கி நிற்கவைத்திருக்கிறார். பாட்டின் உயிர் எது என்று அவருக்குத் தெரியும். அப்படித் தெரிந்தவருக்குப் பாடியவர் யாரென்று விசாரிக்கத் தோன்றாததுதான் உறுத்துகிறது. தன் பெயரை மறைத்தது அவருடைய விருப்பம், விற்பனைக்கும் அது உதவியது. டிஃபாங்குக்கு அப்படியொரு விருப்பம் கேட்கப்படவே இல்லை. 2000-இல் கார்ல் ஓர்ஃபின் ‘கார்மினா புரானா’வை எடுத்தபோது முறையான உரிமமும் பெயரும் இருந்தன. ஓர்ஃபுக்குப் பதிப்பகம் இருந்தது. தைதுங் உழவருக்கு இல்லை.

2003-இல் வந்த ‘வோயேஜர்’ தொகுப்பில் ஓதலையும் குழலையும் கழற்றி வைத்தார். வழக்குகளில் பட்ட சூடாக இருக்கலாம், சலிப்பாகவும் இருக்கலாம். மெட்டுகளில் குறையில்லை, ஒலிப்பதிவு பளிச்சென்று இருக்கிறது. ஆனால் எந்தப் பாட்டிலும் சிந்தசைசருக்கு எதிரே நிற்க ஒரு கரடுமுரடான மனிதக் குரல் இல்லை, எல்லாமே வழுவழுப்பு. இதை அந்தக் காலத்தின் எந்த நல்ல தயாரிப்பாளரும் செய்திருப்பார்.