ஈக்கு எதற்கு வாசனை?

மைதாவைப் பிசைந்து, அதில் சிட்டிகை பெருங்காயமோ வறுத்த வெந்தயப் பொடியோ சேர்த்து உருட்டி முள்ளில் குத்துவது தென்னாட்டுக் குளக்கரைகளில் பழகிப்போன கைமுறை. வெள்ளாயணிக் காயலிலும் நெய்யாற்றுப் படித்துறைகளிலும் தூண்டில் போடுகிறவர்களுக்கு இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வங்காளத்தில் இது தனி வித்தையாகவே வளர்ந்திருக்கிறது. பிண்ணாக்கு, வெந்தயம், கச்சோலக் கிழங்கு எல்லாவற்றையும் சேர்த்துப் புளிக்கவைத்துக் குளத்தில் கொட்டி, ரோகுவும் கட்லாவும் கூடும்வரை அங்கே மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். இரை ஓரிடத்தில் கிடக்க, மீன் அதைத் தேடி வருகிற முறை இது. அங்கே மணத்துக்கு வேலை இருக்கிறது.

செயற்கை ஈயின் கதை வேறு. முள்ளின் தண்டில் நூலைச் சுற்றி, சேவலின் கழுத்திறகும் விலங்கின் மயிரும் வைத்துக் கட்டும் பொய்ப்பூச்சி அது. திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மாவின் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வந்து குடியேறிய சாலியர்களின் தறிகளால் பேர்பெற்ற பாலராமபுரத்தில் நூலைக் கையாளும் நுணுக்கத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஈ கட்டுவதும் அப்படிப்பட்ட பொறுமையான விரல்வேலைதான். அவ்வளவு கவனமாகக் கட்டியதன் மேல் இறால் சாறோ மீனெண்ணெயோ கடைச் சென்ட்டோ தடவினால் கரிமீனும் பள்ளத்தியும் ஜிலேபிக் கெண்டையும் கூடுதலாகக் கொத்துமா? பெரும்பாலும் கொத்தாது. தடவுவதில் ஒரு சின்ன ஆதாயம் உண்டு. ஆனால் அதற்குக் கொடுக்கிற விலை பெரிது.

இந்த மீன்களுக்கு மோப்பம் குறைவு என்பதல்ல காரணம். கரிமீன், பள்ளத்தி, ஜிலேபி மூன்றும் சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்தவை. கெண்டைகளுக்கு முகத்தின் ஒவ்வொரு பக்கமும் இரண்டு நாசித் துளைகள்; ஒன்றில் நுழையும் நீர் மற்றொன்றின் வழியாக வெளியேறும். சிக்லிட்டுகளுக்குப் பக்கத்துக்கு ஒரே துளைதான். அதன் வழியாகவே நீரை உள்ளே இழுத்துத் திரும்ப வெளியே தள்ளுகின்றன. ஆனாலும் மூக்கு மந்தமில்லை. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் ஜிலேபியில், ஆண்மீன் தன் ஆதிக்க நிலையைச் சிறுநீரின் வாசனை வழியாகவே பெண்மீனுக்கு உணர்த்துகிறது என்று போர்ச்சுகலின் அல்கார்வே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விரிவாகக் காட்டியிருக்கிறார்கள். ஆக, முகர்வதற்கு மீன் தயார். வாசனைதான் அதனிடம் போய்ச் சேருவதில்லை.

நிற்கும் நீரில் வாசனை எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்பதைத் தூண்டில்காரர்கள் அதிகம் யோசிப்பதில்லை. அமினோ அமிலம் போன்ற ஒரு சிறு மூலக்கூறு, எந்த அசைவும் இல்லாத தண்ணீரில் தானாக ஒரு மில்லிமீட்டர் பரவுவதற்குச் சுமார் எட்டு நிமிடம் வேண்டும். தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும். எனவே ஒரு சென்டிமீட்டருக்கு அரை நாளுக்கு மேல் ஆகும். நீரோட்டமோ காற்றின் கலக்கலோ இருந்தால்தான் மணம் தூரம் போகும். அப்போதும் இரை ஒரே இடத்தில் கிடந்து கசிந்துகொண்டே இருக்க வேண்டும். ஈயோ விழுந்து சில நொடிகளில் இழுபடுகிறது. பிறகு தூக்கி வேறு இடத்தில் வீசப்படுகிறது. மணத்தின் தடத்தைப் பிடித்துக்கொண்டு மீன் வருவதற்கு அங்கே தடமே உருவாவதில்லை. எண்ணெய் சார்ந்த சென்ட்டில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. எண்ணெய் நீரில் கரையாது; மீனின் மூக்கு உணர்வதோ நீரில் கரைந்ததை. புட்டியைத் திறந்தால் மனிதனின் மூக்கைத் துளைக்கும் மணம், குளத்தில் பெரும்பாலும் நீர்மேல் மிதக்கும் ஒரு படலம் மட்டுமே.

ஈயை மீன் கண்ணால்தான் பிடிக்கிறது. கரிமீனின் அளவும் வாய்வாகும் கொண்ட அமெரிக்கக் குளத்து மீனான புளூகில்லை வைத்து வின்யார்டும் ஓப்ரையனும் 1976இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது: வெளிச்சம் குறையக் குறைய, கலங்கல் கூடக் கூட, இரையை மீன் கண்டுகொள்ளும் தூரம் சுருங்கிக்கொண்டே போகிறது. கேரளத்தில் விரால் பிடிப்பவர்கள் இதை வேறு வழியில் அறிவார்கள். பாசிமேல் இழுத்துவரும் ரப்பர் தவளைக்கு உணவு மணம் எதுவும் கிடையாது. அது துள்ளும் துள்ளலிலும் நீரின் அதிர்விலும்தான் விரால் பாய்கிறது.

இனி ஆதாயத்துக்கு வருவோம். ஈ வாய்க்குள் போன பிறகு நடப்பது மூக்கின் வேலை அல்ல, நாக்கின் வேலை. உணவல்லாத ஒன்றை மீன் கண்ணிமைக்கும் நேரத்தில் துப்பிவிடும். சுவை இருந்தால் சற்றுக் கூடுதலாக வாயில் வைத்திருக்கும். பெர்க்லி நிறுவனம் 1988இல் பவர்பெயிட் என்ற சுவையூட்டிய இரையைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் இந்த எண்ணத்தில்தான். அந்நிறுவனத்தின் ஆய்வாளர் கீத் ஜோன்ஸ் 2002இல் எழுதிய நூலில் சுவை பற்றி நிறையப் பேசுகிறார். சுண்டி இழுக்கக் கை பழகாதவருக்கு அந்தக் கூடுதல் நொடி உதவும். இதை மறுக்க முடியாது.

எந்தச் சுவை என்பதில்தான் கடைச் சரக்கு தடுமாறுகிறது. மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் கசும்யான் பல ஆண்டுகள் சோதித்துக் கண்டது, சுவை விருப்பம் மீனுக்கு மீன் மாறுகிறது என்பது. ஒரு மீன் விழுங்கும் பொருளை வேறொரு மீன் துப்பிவிடும். ஜிலேபியின் உறவான, செடிகொடி தின்னும் டிலாப்பியா ஜில்லியை வைத்து 1980களில் நடந்த ஆய்வில் அதைத் தின்னத் தூண்டியது லெட்டூஸ் கீரையின் சாறு! பாசி மேயும் ஜிலேபிக்கும் கரிமீனுக்கும் கடல் இறால் சாறுதான் பிடிக்கும் என்று புட்டிமேல் எழுதியிருந்தால், அதை நம்புவதற்குக் காரணம் எதுவும் இல்லை.

விலை என்ன என்பதும் தெரிந்ததே. கொலராடோவில் ஷிஸ்லரும் பெர்கர்சனும் வானவில் டிரவுட் மீன்களைப் பிடித்து விடுவித்துப் பார்த்து 1996இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஈயில் பிடிபட்டவற்றில் 3.9 விழுக்காடு இறந்தன. வாசனையூட்டிய செயற்கை இரையை இழுத்துக்கொண்டே பிடித்தபோது 21.6 விழுக்காடு; இரையைக் கிடக்கவிட்டுப் பிடித்தபோது 32.1 விழுக்காடு. அந்த இரை மென்மையானது, இறகு ஈ அல்ல. எனவே எண்களை அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனால் காரணம் பொருந்தும்: அதிக நேரம் வாயில் வைத்திருக்கும் மீன் முள்ளை ஆழமாக விழுங்குகிறது, தொண்டையும் செவுளும் கிழிகின்றன. பிடித்ததெல்லாம் குழம்புக்கு என்றால் இது பெரிய விஷயமாகத் தோன்றாது. உள்ளங்கையளவு கரிமீன் குஞ்சைத் திரும்ப விட நினைப்பவருக்கு இதைவிடப் பெரிய விஷயம் இல்லை. கரிமீன் 2010 முதல் கேரளத்தின் மாநில மீன் என்பதை வேறு நினைவில் வைக்க வேண்டும்.

ஈயும் கெடுகிறது. பிசுபிசுப்பான சாறு இறகின் மென்னூல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. அந்த நூல்கள் நீரில் விரிந்து அசைவதுதான் ஈயின் உயிர். அதை அடக்கிவிட்டு மணத்தைச் சேர்ப்பது, கட்டியவரின் உழைப்பில் பாதியைத் தூக்கி எறிவதற்குச் சமம். ஈத்தூண்டில் சாதனைகளைப் பதிவுசெய்யும் ஐ.ஜி.எஃப்.ஏ. அமைப்பும் ஈயில் இயற்கை, செயற்கை எந்த வாசனையையும் அனுமதிப்பதில்லை. அது விளையாட்டின் நேர்மைக்கான விதி. கைவேலையின் மதிப்பும் அதில் காக்கப்படுகிறது.

சென்ட் தடவுவோர் சொல்லும் மற்றொரு நியாயத்தில் ஓரளவு உண்மை உண்டு: பீடி, பெட்ரோல், கொசு விரட்டி என்று கையில் இருக்கும் நாற்றத்தை அது மறைக்கிறதாம். ஆற்றில் மேலேறும் சால்மன்கள் மனிதத் தோல் பட்ட நீருக்கு மிரளுவதை 1950களில் கனடாவில் கவனித்தார்கள். அதற்குக் காரணம் தோலில் உள்ள செரின் என்ற அமினோ அமிலம் என்றும் கண்டார்கள். சால்மனுக்கு நேர்ந்தது கரிமீனுக்கும் நேரும் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. அப்படியே நேர்ந்தாலும், அந்தக் குளத்துச் சேற்றை எடுத்துக் கையைத் தேய்த்துக் கழுவினால் போதும். புட்டி வாங்க வேண்டாம்.

தென்மேற்குப் பருவமழையில் நெய்யாறு செம்மண் கலங்கலாக ஓடும் நாட்களில் மட்டும் வாசனைக்காரர் பக்கம் வாதம் வலுக்கிறது. கண் பயன்படாது, மீசையெல்லாம் சுவை மொட்டாக இருக்கும் கெளுத்திதான் அப்போது அதிகம் இரை தேடும். ஆனால் அந்த நாளில் ஈயைப் பெட்டியில் வைத்துவிட்டு மண்புழுவைக் கோப்பதே முறை.

இன்னும் சந்தேகம் இருப்பவர்கள் ஒரே அச்சில் கட்டிய ஈக்களை இரண்டு டப்பாக்களில் போடட்டும். ஒன்றில் சென்ட், மற்றொன்றில் குளத்து நீர். எது எதுவென்று வீசுகிறவருக்குத் தெரியக் கூடாது. கூட இருப்பவர் மாற்றி மாற்றி எடுத்துக் கொடுத்துக் குறித்துக்கொள்ளட்டும். கொத்து எத்தனை, கரைக்கு வந்தது எத்தனை, முள் உதட்டிலா தொண்டையிலா என்று மூன்றையும் தனித்தனியாக எழுத வேண்டும். பிடித்த எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர்கள் அந்த மூன்றாவதை எப்போதும் விட்டுவிடுகிறார்கள்.