நடக்கும் யானையும் இழுக்கும் காளையும்

கலைப்பொருளை அளக்க நம்மவர் கையாளும் கோல், "கண்ணுக்கு இனிதா?" என்பது. தொழிற்கருவியை அளக்கும் கோல், "கைக்கு உதவுமா?" என்பது. இவ்விரு கோல்களையும் ஒருங்கே வைத்து அளக்கவேண்டிய பொருள் ஒன்று உண்டு. அதுவே நடக்கும் பேரியந்திரம். அதனை ஆராயப் பினாங்குத் தமிழர்க்கு உரிமை மிகுதி. தைப்பூசத்தை ஒட்டி, டத்தோ கிராமாட் சாலை வழியே தண்ணீர்மலை நோக்கிச் செல்லும் வெள்ளித்தேரும் கலையும் தொழிலும் கூடிய ஊர்தியே அன்றோ?

முதற்கண் நடை என்பது யாதெனக் காண்போம். சக்கரம் உருளுங்கால் அதன் அச்சு ஒரே உயரத்தில் நிற்கும். காலோ தூக்கி வைக்கப்படுவது; ஆகவே உடல் ஏறி இறங்கும். இந்த ஏற்றத்தாழ்வை நீக்கச் சுழற்சியை ஏறத்தாழ நேர்க்கோட்டு அசைவாக மாற்றும் கோல் இணைப்பு வேண்டும். அத்தகைய நாற்கால் கருவி ஒன்றை ருஷிய நாட்டுக் கணித மேதை செபிஷேவ் 1878-ம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் வைத்தார். ஹாலந்து தேசத்துத் தியோ யான்சன் 1990 முதல் மின்கம்பி செலுத்தும் பிளாஸ்டிக் குழாய்களைக் கொண்டே பெரும் உருவங்களைக் கட்டி வருகிறார். கடற்கரைக் காற்றே அவற்றிற்கு உணவு. பாதம் மணலில் பதிந்திருக்கும்வரை மட்டமாகச் செல்கிறது. பிறகு உயர்ந்து முன்னே வருகிறது. குழாயைக் குழாயாகவே காட்டி நிற்கும் அவ்வழகில் பொய் இல்லை. எனினும் அவை எவருடைய பாரத்தையும் சுமப்பவை அல்ல.

பிரான்சு தேசத்து நாந்த் நகரில் 2007-ல் உலாவத் தொடங்கிய பெருயானை சுமக்கிறது. 12 மீட்டர் உயரமும் ஏறத்தாழ 48 டன் எடையும் உடைய அது, ஐம்பது பேர் அளவில் ஏற்றிச் செல்கிறது. கால்கள் எடுத்துவைப்பதுபோல் அசைந்தாலும் பாரத்தைத் தாங்குவன சக்கரங்களே. ஆயினும் அது தன் மரத்தையும் மூட்டுகளையும் மறைக்கவில்லை. நமது பொய்க்கால் குதிரையும் அத்தகையதே. ஆடுபவனின் உடலை எல்லாரும் காண்கிறார்கள், எவரும் ஏமாறுவதில்லை, எல்லாரும் மகிழ்கிறார்கள்.

நிற்க. நமக்கு அண்மையில் உள்ள யானையைக் காண்போம். கேரளத்துத் திரிச்சூர் மாவட்டம் இரிஞ்ஞாடப்பிள்ளிக் கிருஷ்ணன் கோயிலுக்கு 2023 பெப்ருவரியில் ஓர் இயந்திர யானை அளிக்கப்பட்டது. பீட்டா இந்தியா என்னும் விலங்கு நலச் சங்கமும் நடிகை பார்வதி திருவோத்தும் சேர்ந்து அளித்தனர். இராமன் எனப் பெயர் பெற்ற அது 11 அடி உயரமும் 800 கிலோ எடையும் உடையது. இரும்புச் சட்டத்தின்மேல் இரப்பர்த் தோல். தலையும் காதும் துதிக்கையும் வாலும் மோட்டார்களால் அசைகின்றன. ஆனால் அது நடப்பதில்லை, சக்கரங்கள்மேல் நகர்த்தப்படுகிறது.

கலை என்ற முறையில் இராமனிடம் நாம் குறை காண்கிறோம். இரப்பர்த் தோலால் உயிரென நம்பவைக்க முயல்வது பொய்க்கால் குதிரையின் நேர்மைக்குக் கீழ்ப்பட்டது. உபயோகம் என்ற முறையிலோ, நாந்த் நகர யானையும் இதன் முன் சிறுத்துவிடுகிறது. உயிருள்ள யானையை இனி வைத்திருப்பதும் இல்லை, வாடகைக்கு அமர்த்துவதும் இல்லை என்று அக்கோயிலார் உறுதி பூண்டனர். ஓர் உயிரின் காலிலிருந்து சங்கிலியை அகற்றும் கலைவேலை உலகில் எத்தனை உண்டு? 2025 பெப்ருவரியில் கொயிலாண்டி மணக்குளங்கரைக் கோயில் திருவிழாவில் யானைகள் மிரண்டு மூவர் மாண்டனர். யானைக்கும் கொடுமை, மனிதர்க்கும் ஆபத்து என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

"வழக்கம் கெடுமே" என்பர் சிலர். அவர்களை நாம் ஒன்று கேட்கிறோம். யானை வாகனம், குதிரை வாகனம், ரிஷப வாகனம் என்று மரத்தால் செய்து அதன்மேல் தெய்வத்தை எழுந்தருளச் செய்தவர் யாவர்? நம் முன்னோர் அல்லரோ? தச்சன் செதுக்கிய யானை ஆகுமெனில், மோட்டார் வைத்த யானை மட்டும் ஏன் ஆகாது? தீவட்டி இருந்த இடத்தில் மின்விளக்கு வந்தபொழுது எந்த வழக்கமும் அழிந்துவிடவில்லையே!

இனி நம் சாலைக்கு வருவோம். பினாங்கின் வெள்ளித்தேரை நெடுங்காலம் காளைகளே இழுத்தன. தேரின் வெள்ளி வேலையைப் போற்றியவர் ஆயிரம் பேர். தார்ச்சாலையில் தேய்ந்த குளம்பை நோக்கியவர் எத்தனை பேர்? தோட்டங்களில் முதுகொடிய உழைத்தவர் வழிவந்தோர் நாம். சுமையின் கனத்தைப் பிறர் சொல்லி நாம் அறியவேண்டுவதில்லை. வாயில்லாச் சீவனின் கழுத்திலிருந்து நுகத்தை இறக்கும் இயந்திரத்தைத் தேருக்கு இழிவென்று கருதுவது, நம் தாத்தாமாரின் தோள்வலியை மறந்த பேச்சாகும்.

ஆகவே, நம் தச்சரும் பட்டறை மெக்கானிக்குகளும் ஒரு பந்தியில் அமர்ந்து சிந்திக்கட்டும். மூட்டை மறைக்காத, தன் காலால் தானே நடக்கும் ஊர்தி ஒன்றை அவர்கள் கூடிச் செய்யட்டும். அது டத்தோ கிராமாட் சாலையில் வரும் நாளில், "எவ்வளவு அழகு!" என்று வியப்பதற்கு முன், "யாருடைய சுமை இறங்கிற்று?" என்று நாம் கேட்கப் பழகுவோமாக.