தலைக்கு மேல் ஓடும் ஓஸ்

வட்டக்கோட்டையில் திருவிதாங்கூர்த் தளபதி டிலனாய் 18ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கருங்கல் மதிலில் கடற்காற்று ஓயாமல் மோதுகிறது. அந்தக் காற்றை நம்பிப் பக்கத்துத் தச்சுப் பட்டறைக் கதவை விரியத் திறந்துவைத்தால், இழைப்புளிச் சுருளுக்குப் போதும். சாண்டர் கிளப்பும் மாவுத்தூளுக்குப் போதாது. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் வெளியிட்ட தொகுப்பு சொல்கிறது. தூசி உறிஞ்சி வேண்டும்தான். கூடவே ஓஸும் வயரும் காலை இடறத் தொடங்கும்.

உத்தரத்தில் ஒரு கொக்கி மாட்டி, இரண்டையும் சேர்த்து மேலிருந்து இறக்கும் ஏற்பாட்டைப் பார்த்தாலே எனக்கு மனம் நிறையும். அடிக்கு ஒரு கட்டு. வயர் சற்றுத் தளர்வாக இருக்க வேண்டும். இழுபட்டால் பாரம் ஓஸில் விழும், வயருக்குச் சேதமில்லை. கடைசி இரண்டடியைக் கட்டாமல் விட்டால் அயனி மரக் கதவின் மூலை வரை கை தடையில்லாமல் திரும்பும். நெளிவுள்ள ஓஸ் நீள நீள உறிஞ்சும் வேகம் குறையும். ஆகவே தூரத்தை வழவழப்பான குழாயில் கடந்து, ஓஸைக் குட்டையாக வைப்பதே கெட்டிக்காரத்தனம். காய்ந்த தூள் உரசி ஓடும்போது நிலைமின்சாரம் சுள்ளென்று கையில் அடிக்கும். அதை எர்த்துக்குக் கடத்தும் ஓஸும் கிடைக்கிறது.

உருளையில் சுற்றியபடியே இருக்கும் வயரில் பெரிய மெஷினை ஓட்டக் கூடாது, சூடேறிவிடும். முழுக்க அவிழ்க்க வேண்டும். வேலை முடிந்ததும் ஒரு சுற்றை மேலாகவும் அடுத்ததை அடியாகவும் மாற்றி மாற்றி மடித்தால் முறுக்கு விழாது. மறுநாள் நுனியைப் பிடித்து இழுத்தால் சிக்கலின்றி வரும்.