சாம்பல் நிலவும் ஊதா நிலவும்: ஆலன் பீனின் ஓவியங்கள்



போன மாதம் படிவம் ஐந்து வகுப்பில், கற்பனைக் கட்டுரைக்கு முன்னோட்டமாக ஓர் ஓவியத்தைத் திரையில் காட்டினேன். நிலவின் தரையில் வெள்ளை உடையில் ஒரு விண்வெளி வீரர். அவரைச் சுற்றி ஊதாவும் மஞ்சளும் இளஞ்சிவப்புமாக ஒரே வண்ணக் கோலம். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், நிலா சாம்பல் கலர்தானே? இவரு பாக்காமலே வரைஞ்சிட்டாரா?"

வகுப்பே சிரித்தது. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. ஏனென்றால், வரைந்தவர் நிலவைப் பார்த்தவர் மட்டுமல்லர்; அதில் இறங்கி நடந்துவிட்டு வந்தவர். நேரில் பார்த்தவரே நிறத்தை மாற்றினால் அது பொய்யா, கலையா? இந்தக் கட்டுரை அந்த மாணவிக்கு நான் சொல்ல முயலும் பதில்.

ஆலன் பீன் 1932இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் பிறந்தவர். பல்கலைக்கழகத்தில் விமானப் பொறியியல் படித்துவிட்டு 1955இல் கடற்படையில் சேர்ந்தார். போர் விமானியாக இருந்து, பிறகு சோதனை விமானி ஆனார். புது விமானத்தை முதலில் ஓட்டிப் பார்த்து, எது சரி, எது பிசகு என்று அறிக்கை எழுதித் தருவதுதான் சோதனை விமானியின் வேலை. அங்கே மிகைப்படுத்தலுக்கு இடமில்லை. ஒரு வார்த்தை தப்பினால் அடுத்து ஓட்டுபவரின் உயிர் போகும். அந்த வேலையில் இருந்த நாள்களில்தான் அவர் மாலை நேர ஓவிய வகுப்புகளுக்கும் போய்க்கொண்டிருந்தார். கறாரான கண் ஒருபக்கம், வண்ண ஆசை மறுபக்கம். இந்த இரண்டுக்கும் நடுவே நடந்த இழுபறிதான் பின்னாளில் அவருடைய ஓவியம் முழுவதும் தெரிகிறது.

1963இல் நாசா அவரைத் தேர்ந்தெடுத்தது. 1969 நவம்பரில் அப்பல்லோ 12 பயணத்தில், நிலவில் கால் வைத்த 4ஆவது மனிதர் ஆனார். 1973இல் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்தில் 59 நாள்கள் தங்கிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1981இல் நாசா வேலையை விட்டார். அப்போது அவருக்கு வயது 49. விண்வெளி ஓடங்கள் பறக்கத் தொடங்கியிருந்த ஆண்டு அது. காத்திருந்தால் இன்னொரு முறை பறந்திருக்கலாம். ஓடத்தை ஓட்ட இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள். நிலவில் நடந்துவிட்டு வந்து அதை வரைய வேறு ஆள் இல்லை என்பதே அவர் சொன்ன காரணம். 2018இல் இறக்கும்வரை அவர் வரைந்ததெல்லாம் பெரும்பாலும் அப்பல்லோ பயணங்களைத்தான்.

வாழ்க்கைக் குறிப்பு இவ்வளவு போதும். படங்களுக்கு வருவோம்.

என் கருத்தில், பீனின் சிறந்த ஓவியங்கள் அவர் பார்த்ததிலிருந்து மட்டும் பிறக்கவில்லை. அவர் தவறவிட்டதிலிருந்தும் பிறந்தன. மூன்று இழப்புகளைச் சொல்கிறேன்.

முதலாவது, கேமரா. அப்பல்லோ 11 கொண்டுபோனது கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிக் கேமரா. அப்பல்லோ 12தான் முதன்முதலாக நிலவின் தரைக்கு வண்ணக் கேமராவைக் கொண்டுபோனது. அதை இடம் மாற்றி வைக்கும்போது பீன் தெரியாமல் சூரியனின் பக்கம் திருப்பிவிட்டார். கேமராவின் உட்பகுதி பொசுங்கிப்போனது. அதன்பிறகு பூமியில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது குரல் மட்டுமே. யோசித்துப் பாருங்கள்: உலகத்துக்கு நிலவை வண்ணத்தில் காட்ட வேண்டிய கண்ணைத் தன் கையாலேயே குருடாக்கியவர், பின்னாளில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உட்கார்ந்து நிலவுக்கு வண்ணம் தீட்டினார். அதற்கு ஈடுசெய்யத்தான் வரைந்தார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஊதாவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கேமரா ஞாபகம் வருகிறது.

இரண்டாவது, ஒரு சின்ன டைமர். பீனும் உடன் சென்ற பீட் கான்ராடும் யாருக்கும் தெரியாமல், கேமராவைத் தானாகவே படம் எடுக்க வைக்கும் டைமர் ஒன்றைக் கொண்டுபோயிருந்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்து நிற்கும் படத்தை எடுத்துவிட்டால், 'இதை யார் எடுத்தது?' என்று பூமியில் எல்லாரும் மண்டையை உடைத்துக்கொள்வார்கள் என்பது திட்டம். வேண்டிய நேரத்தில் பைக்குள் கைவிட்டால், கற்களுக்கும் தூசிக்கும் நடுவே டைமர் அகப்படவில்லை. எல்லாம் முடிந்த பிறகு கிடைத்தது. பீன் அதைத் தூக்கி எறிந்துவிட்டார். பல ஆண்டுகள் கழித்து அந்தப் படத்தை வரைந்தார். 'நாங்கள் எடுக்காமல் விட்ட அற்புதப் படம்' என்பது அந்த ஓவியத் தலைப்பின் பொருள்.

மூன்றாவது, ஒரு நண்பர். அப்பல்லோ 12இல் போனவர்கள் மூவர். டிக் கோர்டன் மட்டும் தாய்க்கலத்தில் தனியாக நிலவைச் சுற்றிக்கொண்டே இருந்தார். அவ்வளவு தூரம் போயும் தரையில் கால் வைக்கவில்லை. பிறகும் அவருக்கு அந்த வாய்ப்பு வரவே இல்லை. பீன் ஓர் ஓவியத்தில் மூவரையும் நிலவின் தரையில் ஒன்றாக நிற்க வைத்தார். நடக்கவே நடக்காத காட்சி என்பதால், கற்பனை என்றே பொருள்படும்படி பெயர் வைத்தார்.

இந்த மூன்றாவது படத்தில்தான் கறாரான சோதனை விமானி தோற்று, ஓவியர் ஜெயிக்கிறார் என்பேன். அறிக்கையாக எழுதினால் அது பொய். நட்பாகப் பார்த்தால் அதைவிட உண்மையான படத்தை அவர் வரைந்திருக்க முடியாது. அவர் யாரையும் ஏமாற்றவும் இல்லை. கற்பனையைக் கற்பனை என்றே சொல்லிவிட்டார்.

இப்போது மாணவியின் கேள்விக்கு வருகிறேன். நிலவு சாம்பல்தான், பீனுக்கு அது நம் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். விஞ்ஞானியாக இருந்தால் சாம்பலில்தான் வரைந்திருப்பேன், ஓவியன் என்பதால் வண்ணம் சேர்க்கலாம் என்ற பொருளில் அவரே பேசியிருக்கிறார். நிலவில் நடப்பதைக் காட்டும் 1986ஆம் ஆண்டு ஓவியம் ஒன்றின் தலைப்பிலும் 'எப்படித் தெரிந்தது' என்றில்லை, 'எப்படி உணர்ந்தேன்' என்றுதான் இருக்கிறது. அந்த ஊதா நிலவின் நிறமல்ல; பார்த்தவர் மனத்தின் நிறம்.

இங்கே இன்னொரு விமானி ஓவியரையும் சொல்ல வேண்டும். சோவியத் விமானப்படையின் அலெக்ஸி லியோனோவ் 1965 மார்ச்சில் விண்கலத்துக்கு வெளியே முதன்முதலாக மிதந்தவர். அதே பயணத்தில் வண்ணப் பென்சில்களால் சூரிய உதயத்தை அங்கேயே வரைந்தார். லியோனோவின் படம் குறிப்பேடு மாதிரி: சின்னது, அவசரமானது, அந்த நிமிடத்தின் சூடு கொண்டது. பீனின் படம் நாளாக நாளாக ஊறிய நினைவு. இரண்டில் எது உயர்ந்தது என்று தேர்வில் கேட்டால் ஒரு பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். முதலாவதில் கண் வேலை செய்கிறது, இரண்டாவதில் மனம்.

குறைகளையும் சொல்லாமல் விட்டால் அது திறனாய்வு ஆகாது. ஒன்று, பீனின் உலகம் சிறியது. அதே வெள்ளை உடை, அதே முகக்கவசம், அதே கறுப்பு வானம். பத்துப் படங்களை அடுத்தடுத்துப் பார்த்தால் கொஞ்சம் அலுப்புத் தட்டுகிறது. முகக்கவசம் முகத்தை மறைப்பதால் உணர்ச்சி முழுவதையும் உடம்பின் நிலையும் நிறமும்தான் சுமக்க வேண்டியிருக்கிறது. எல்லாப் படத்திலும் சுமக்கவில்லை.

இரண்டு, நினைவுப்பொருள்கள். பலகையில் தடித்த பூச்சு பூசி, நிலவில் பயன்படுத்திய சுத்தியலாலும் விண்வெளிக் காலணியின் அடிப்பாகத்தாலும் தடம் பதித்து, அதன்மேல் அக்ரிலிக் வண்ணம் தீட்டுவார். இது அருமையான வேலை. நடந்த அனுபவம் கைக்கு எட்டுகிறது. ஆனால் அத்தோடு நிற்கவில்லை. நிலவுத் தூசி படிந்த தன் உடையின் சின்னங்களைத் துணுக்குகளாக நறுக்கி ஓவியத்தில் சேர்த்தார். காலணித் தடம் கண்ணுக்குத் தெரிகிறது, ஓவியத்துக்கு உதவுகிறது. அந்தத் துளித் தூசி கண்ணுக்குத் தெரியாது. வாங்குபவருக்குத்தான் அதனால் மகிழ்ச்சி. ஓவியம் தன் சொந்தக் காலில் நிற்கும்போது சான்றுப் பொருள் எதற்கு?

இதையெல்லாம் நாம் ஏன் படிக்க வேண்டும்? என் தப்பையும் ஒத்துக்கொள்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன், 'பாட்டி இறந்த அன்று வீட்டில் சோறுகூடச் சத்தமில்லாமல் வெந்தது' என்று எழுதியிருந்தான். 'பொருந்தவில்லை' என்று சிவப்பு மையால் கோடு போட்டேன். அதே கட்டுக்கட்டான தாள்களில், கதிரவன் பொற்கதிர்களைப் பரப்பிய மனப்பாட முன்னுரைகளுக்கு எல்லாம் 'நன்று' போட்டேன். ஒரு சின்னப் பையன் தான் உணர்ந்த நிறத்தை எழுதியிருந்தான்; நான் அடித்துவிட்டேன். பீனைப் படித்த பிறகுதான் அது உறுத்துகிறது.

மாணவர்களே, பீனிடம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்றுதான். முதலில் சாம்பலைச் சரியாகப் பாருங்கள்: இடம், நேரம், கையில் இருந்த பொருள், நடந்தது, நடக்காமல் போனது. அதன்பிறகு ஊதாவைத் தீட்டுங்கள். சாம்பலைப் பார்க்காமல் தீட்டுகிற ஊதா, கடன் வாங்கிய அலங்காரம். அதைத் தாள் திருத்துபவர் இரண்டாம் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி: உங்கள் வகுப்பில் 'நாங்கள் எடுக்காமல் விட்ட படம்' என்ற தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள். குடும்ப விழாவோ, பள்ளிப் பயணமோ, எதுவாகவும் இருக்கலாம். யார் நின்றார்கள், யார் வரவில்லை என்று முதல் பத்தியில் உள்ளது உள்ளபடி எழுதட்டும். வராதவரை இரண்டாம் பத்தியில் கொண்டுவந்து நிறுத்தட்டும். சிவப்புப் பேனாவை மட்டும் கொஞ்ச நேரம் தள்ளி வையுங்கள்.